முயல் படம் போட்ட பெட்டியும் நாம் கொடுக்கும் வாக்கும்

என்னிடம் ஆறு மாதம் மணப்பெண் அலங்காரம் பழகிவிட்டு விசுவமடுவில் தனியாகத் தொழில் தொடங்கியிருக்கும் ஒரு பிள்ளை, கொழும்பிலிருந்து எடுப்பித்த பொருட்களை மேசையில் பரப்பிப் படம் எடுத்துக் கடந்த மாதம் எனக்கு அனுப்பியிருந்தாள். "எல்லாம் மிருகங்களில் சோதிக்காதவை அக்கா, முழுக்கச் சைவம்" என்று கீழே எழுதியிருந்தாள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினொரு பெட்டிகளில் ஏழில், விலங்குகளில் சோதிக்கவில்லை என்பதற்கு அடையாளமாகப் போடும் முயல் படம் இருந்தது. அந்த ஏழில் ஐந்து முயல்கள் நான் அறிந்த எந்தச் சான்றளிக்கும் அமைப்பின் முத்திரையும் அல்ல. ஒரு லிப்ஸ்ரிக் பெட்டியின் பின்பக்கம் தெரியும்படி வைக்கப்பட்டிருந்தது. அதன் சேர்மானப் பட்டியலின் கடைசி வரியில் சி.ஐ. 75470 என்ற நிறப்பொருள் இலக்கம் அச்சிடப்பட்டிருந்தது. நான் தொழில் தொடங்கிய காலத்தில் செய்த அதே தவறை, இலக்கம் உட்பட, அவள் திரும்பச் செய்திருந்தாள்.

அவளுக்குத் தொலைபேசியில் சொன்னவற்றையும், சொல்ல விட்டுப்போனவற்றையும் இங்கே எழுதுகிறேன். காலாவதித் திகதி பார்க்காமல் வாங்குவது, போலிப் பொருளை அசல் என்று வாங்குவது போன்ற தவறுகளைத் தவிர்க்க இந்தத் தொழிலுக்கு வருகிற எவரும் முதல் கிழமையிலேயே பழகிவிடுவதால், அவற்றை விட்டுவிடுகிறேன்.

முயல் படத்தைச் சான்றிதழ் என்று எண்ணுவது

2014ஆம் ஆண்டு கிளிநொச்சியில் ஏ-9 வீதியை அண்டி ஓர் அறையை வாடகைக்கு எடுத்து நிலையத்தைத் தொடங்கியபோது, விலங்குகளில் சோதித்த பொருளைத் தொடுவதில்லை என்று நான் உறுதியாக இருந்தேன். முயலின் கண்ணில் செய்யப்படும் சோதனையைப் பற்றி வாசித்த நாளில் எடுத்த முடிவு அது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய ஜோன் டிறெய்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் 1944இல் வெளியிட்ட முறை அது. சோதிக்கப்படும் பொருளில் 0.1 மில்லிலீற்றரை முயலின் ஒரு கண்ணின் கீழிமைக்குள் விடுவார்கள். மற்றக் கண்ணை ஒப்பிடுவதற்காக அப்படியே விடுவார்கள். ஒரு மணித்தியாலம், 24, 48, 72 மணித்தியாலங்கள் என்று பார்த்துச் சிவப்பு, வீக்கம், கண்ணின் முன்புறமுள்ள தெளிவான வெண்படலத்தின் மங்கல் ஆகியவற்றுக்குப் புள்ளி இடுவார்கள். காயம் ஆறுகிறதா என்று அறிய 21 நாட்கள் வரையும் பார்ப்பதுண்டு. முயல் நம்மைப் போலக் கண்ணீர் வடித்து அதைக் கழுவிவிடாது என்பதால் பொருள் கண்ணிலேயே நிற்கும். ஒரு மஸ்காராவுக்காக இது நடக்க வேண்டியதில்லை என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

உறுதி இருந்த அளவுக்கு எனக்கு அறிவு இருக்கவில்லை. சீட்டு எடுத்த காசில் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாயைக் கைப்பையில் வைத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன். புறக்கோட்டையில் மொத்தமாக விற்கும் ஒரு வியாபாரியிடம், விலங்குகளில் சோதிக்காத பொருட்கள் எவை என்று கேட்டேன். அவர் ஒரு பெட்டியைத் திருப்பி, மூலையில் இருந்த சிறிய முயல் படத்தை நகத்தால் தட்டிக் காட்டி, "இந்தா முயல் கிடக்கு, பிறகென்ன தங்கச்சி" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. பவுண்டேஷன், கொம்பாக்ட், ஐலைனர், இருபத்துநான்கு நிறங்களில் லிப்ஸ்ரிக் என்று அந்த ஒரே வர்த்தகப் பெயரில் இருந்த எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

அந்த வருடம் வைகாசிப் பொங்கல் முடிந்து சில கிழமைகளின் பின்னர், முள்ளியவளையில் ஒரு திருமணத்துக்கு அலங்காரம் செய்யப் போனேன். மணப்பெண்ணின் தாயார் வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்துகொண்டு பல வருடங்களாக மச்சம் தொடாதவர்; அந்த வீட்டில் மச்சச் சட்டி என்று ஒன்று இருந்ததே இல்லை. நான் பெண்ணின் உதட்டுக்கு நிறம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து, "பிள்ளை, இதில மச்சம் ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டார். நான் பெட்டியைத் திருப்பி முயலைக் காட்டி, "இல்லை அம்மா, சுத்த சைவம்" என்றேன். புறக்கோட்டையில் எனக்குச் செய்யப்பட்டதை நான் அந்த அம்மாவுக்குச் செய்தேன்.

மூன்று கிழமைகளின் பின்னர் அவர் தன் இளைய மகளுடன் நிலையத்துக்கு வந்தார். பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை, மணப்பெண்ணுக்கு நான் கொடுத்துவிட்ட லிப்ஸ்ரிக் பெட்டியை மேசையில் வைத்து, சி.ஐ. 75470 என்ற இலக்கத்தின் கீழ் பேனாவால் கோடிட்டிருந்தாள். அது கார்மைன் என்னும் சிவப்பு நிறம். சப்பாத்திக் கள்ளியில் ஒட்டி வாழும் கொச்சினீல் என்ற பூச்சியின் பெண்ணினத்தைச் சேகரித்து, உலர்த்தி, அதிலிருந்து எடுக்கப்படுவது. அம்மா சத்தம் போடவில்லை. "நீங்கள் பார்த்துத்தான் சொன்னனீங்களோ?" என்று மட்டும் கேட்டார். நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் இருந்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். அந்தக் குடும்பத்தில் அதன்பின் இரண்டு திருமணங்களும் ஒரு சாமத்திய வீடும் நடந்தன. எவரும் என்னை அழைக்கவில்லை. அவர்கள் அழைக்காதது நியாயம்தான்.

அன்றிரவு சான்றளிக்கும் அமைப்புகளின் இணையப் பட்டியல்களைத் தேடினேன். அந்த வர்த்தகப் பெயர் எதிலும் இல்லை. பெட்டியில் இருந்த முயல், பெட்டி அச்சிடுகிறவர் அழகுக்காகப் போட்ட படம். வியாபாரியை அழைத்தேன், எல்லாரும் போடுகிற படம்தானே என்று சொல்லி வைத்துவிட்டார். பொருளைத் திருப்பி எடுக்கவும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சீட்டுக் காசைக் கட்டி முடிக்க எனக்குப் பதினான்கு மாதங்கள் எடுத்தன. காசு போனதை நான் மறந்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் பார்த்திருக்கக்கூடிய ஒன்றைப் பார்க்காமல் ஒரு விரதக்காரிக்கு வாக்குக் கொடுத்தேன் என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது. அதே வாக்கைப் பிள்ளைகள் அதே இலகுவில் கொடுப்பதைக் காணும்போது அந்தக் கோபம் அவர்கள் பக்கமும் திரும்பிவிடுகிறது.

ஆகவே முயல்களைப் பிரித்து அறிந்துகொள்ளுங்கள். "குரூயல்ட்டி ஃப்ரீ" என்ற சொற்களுக்கு அமெரிக்காவில்கூடச் சட்டப்படியான வரையறை கிடையாது; முடிக்கப்பட்ட பொருளைச் சோதிக்காமல் விட்டு, அதன் மூலப்பொருட்களை வேறொருவரைக் கொண்டு சோதித்த நிறுவனமும் அந்தச் சொற்களை அச்சிடலாம். முயல் படமும் அப்படியே. பொருள் கொண்ட முத்திரைகள் சிலவே. அவற்றில் கடுமையானது லீப்பிங் பன்னி என்னும் பாயும் முயல். வட அமெரிக்காவின் விலங்குப் பாதுகாப்பு அமைப்புகள் சில 1996இல் ஒன்றுகூடி அமைத்த கூட்டமைப்பு அதை நடத்துகிறது. அதைப் பெற விரும்பும் நிறுவனம் ஒரு திகதியைக் குறித்து, அந்தத் திகதிக்குப் பின்னர் பொருளையோ மூலப்பொருளையோ தானும் சோதிப்பதில்லை, தனக்கு மூலப்பொருள் தருபவர்களும் சோதிப்பதில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். வெளியார் வந்து கணக்காய்வு செய்ய இடமளிக்க வேண்டும். பீட்டா என்னும் விலங்குரிமை அமைப்பின் முயல் முத்திரை முக்கியமாக நிறுவனம் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியில் தங்கியிருக்கிறது. இரண்டையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இரண்டையும் ஒரே நிறையில் வைப்பதில்லை.

பெட்டியில் முத்திரை இருந்தாலும் அந்த அமைப்பின் பட்டியலில் வர்த்தகப் பெயரை எழுத்துக் கூட்டித் தேடிப் பாருங்கள். முத்திரையைக் களவாக அச்சிடுவது முயல் வரைவதைவிடக் கடினமான வேலை இல்லை.

"மச்சம் இல்லை" என்று சொல்லிவிடுவது

மேலே சொன்ன கதையில் இரண்டு தவறுகள் ஒன்றாகப் பின்னியிருக்கின்றன. அந்த முயல் உண்மையான முத்திரையாகவே இருந்திருந்தாலும் நான் சொன்னது பிழையாகத்தான் இருந்திருக்கும். விலங்கில் சோதிக்கவில்லை என்பது ஒன்று. விலங்கிலிருந்து எடுத்தது எதுவும் உள்ளே இல்லை என்பது இன்னொன்று. நம் பேச்சில் இரண்டும் "சைவம்" என்ற ஒரே சொல்லுக்குள் போய் விழுந்துவிடுகின்றன. அந்தச் சொல்லே எங்களை ஏமாற்றுகிறது.

வாடிக்கையாளர் சைவம் என்று கேட்கும்போது எதைக் கேட்கிறார் என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். சிலருக்குத் தேன்மெழுகு பொருட்டில்லை, கொழுப்புத்தான் ஆகாது. சிலருக்குப் பூச்சியும் ஆகாது. அதை அறிந்தபின் பின்பக்கத்தை வாசியுங்கள். கார்மைன் என்பதும் சி.ஐ. 75470 என்பதும் நான் சொன்ன பூச்சிச் சிவப்பு. சி.ஐ. 75170 என்பது குவானின். மீன் செதிலிலிருந்து எடுக்கும் முத்துப் பளபளப்பு, ஐஷேடோவிலும் நகப்பூச்சிலும் வரும். லனோலின் செம்மறியாட்டு உரோமத்தின் மெழுகு. ஸ்குவாலேன் சுறாவின் ஈரலிலிருந்தும் வரலாம், ஒலிவ் அல்லது கரும்பிலிருந்தும் வரலாம். எது என்று பெட்டி சொல்லாவிட்டால் நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும். கிளிசரினும் ஸ்டியறிக் அமிலமும் அப்படியே. ஷெலாக் அரக்குப் பூச்சியிடமிருந்து வருவது.

இந்த இலக்கங்களைச் சிறு அட்டையில் எழுதி என் அலங்காரப் பெட்டியின் மூடியில் ஒட்டியிருக்கிறேன்.

"ஒருபோதும் சோதிக்கப்படாதது" என்ற சொல்லை நம்புவது

இது நல்ல மனதோடு வருகிறவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. கிளிசரின், வாஸலின், துத்தநாக ஒக்சைட் போன்ற சாதாரண மூலப்பொருட்கள் அனேகமாக எல்லாம் கடந்த நூற்றாண்டில் எங்கோ ஓர் ஆய்வுகூடத்தில் ஏதோ ஒரு விலங்கில் சோதிக்கப்பட்டவைதான். அதை எவராலும் அழிக்க முடியாது. ஒரு நிறுவனம் "எங்கள் மூலப்பொருட்கள் ஒருபோதும் சோதிக்கப்படவில்லை" என்றால், அது அறியாமல் சொல்கிறது, அல்லது உங்களுக்கு அறியத் தரவில்லை. பாயும் முயல் முத்திரை ஒரு திகதியைக் கேட்பதன் காரணம் இதுதான்: போனதை மாற்ற முடியாது, இனி நடப்பதை நிறுத்தலாம்.

இதிலிருந்து பயனுள்ள ஒரு வழக்கத்தைப் பழகிக்கொண்டேன். புதிதாகக் கண்டுபிடித்த மூலப்பொருளுக்குத்தான் பல நாடுகளில் புதிய சோதனை கோரப்படுகிறது. பல பத்தாண்டுகளாகப் பாவனையில் உள்ள சில பொருட்களால் மட்டும் செய்யப்பட்ட எளிய கிறீமுக்குப் புதிய தரவு தேவைப்படுவது குறைவு. ஆகவே "புத்தம் புதிய மூலக்கூறு" என்று விளம்பரம் செய்யும் பொருளைக் கண்டால் மற்றவற்றைவிட ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறேன்.

பழைய பட்டியலை வைத்து வாங்குவது

"சீனாவில் விற்கும் கம்பனி எல்லாம் விலங்கில் சோதிக்கிறது" என்று பிள்ளைகள் இன்றும் சொல்லித் தருகிறார்கள். ஒரு காலத்தில் அது பெருமளவுக்கு உண்மை. ஆனால் 2014ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் திகதி முதல் சீனாவிலேயே உற்பத்தியாகும் சாதாரண அழகுசாதனங்களுக்கும், 2021ஆம் ஆண்டு மே முதலாம் திகதி முதல் தகுந்த உற்பத்திச் சான்றுகளோடு இறக்குமதியாகும் சாதாரண அழகுசாதனங்களுக்கும் கட்டாயச் சோதனையிலிருந்து விலக்குக் கிடைத்தது. ஷாம்பு, லிப்ஸ்ரிக், முகப்பவுடர் போன்றவை சாதாரண வகை. தலைமயிர்ச் சாயம், சுருள் வைக்கும் மருந்து, வெயில் காப்புக் கிறீம், வெண்மையாக்கும் கிறீம் ஆகியவை சிறப்பு வகையில் அடங்குபவை. அவற்றுக்கும் குழந்தைகளுக்கான பொருட்களுக்கும் இந்த விலக்கு அதே அளவில் பொருந்தாது. ஆகவே சீனாவில் விற்கிறதா என்று மட்டும் கேட்பது போதாது. எதை விற்கிறது, எங்கே உற்பத்தி செய்து விற்கிறது என்றும் கேட்க வேண்டும். கைத்தொலைபேசியில் சுற்றிவரும் பட்டியலில் திகதி இல்லாவிட்டால் அதை வைத்து எவரையும் குறை சொல்லாதீர்கள்.

ஐரோப்பாவில் தடை என்பதால் இங்கேயும் தடை என்று எண்ணுவது

ஐரோப்பிய ஒன்றியம் முடிக்கப்பட்ட அழகுசாதனங்களை விலங்குகளில் சோதிப்பதை 2004இலும், மூலப்பொருட்களைச் சோதிப்பதை 2009இலும் தடுத்தது. அவ்வாறு சோதித்தவற்றைத் தன் சந்தையில் விற்பதை 2013ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் திகதி முதல் முழுமையாகத் தடுத்தது. இந்தியா 2014இல் சோதனையையும், அதே ஆண்டு நவம்பரில் அவ்வாறு சோதித்தவற்றின் இறக்குமதியையும் தடைசெய்தது. நம் கடைகளில் இந்தியப் பொருட்கள் ஏராளமாக இருப்பதால் இந்தச் சட்டம் எங்களுக்கு நெருக்கமானது.

ஆனால் ஐரோப்பாவின் தடை அங்கே விற்கும் பொருளுக்கு உரியது. அதே வர்த்தகப் பெயரில் இன்னொரு நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டுப் பரந்தன் கடையில் தொங்கும் ஷாம்புப் பக்கெற்றை அது கட்டுப்படுத்தாது. ஐரோப்பாவுக்குள்ளேயே ஓர் இடுக்கும் இருக்கிறது. இரசாயனப் பொருட்களைக் கையாளும் தொழிலாளரின் பாதுகாப்புக்காக அங்குள்ள வேறொரு சட்டம் மூலப்பொருளுக்கு விலங்குச் சோதனையைக் கோரலாம். வெயில் காப்புக் கிறீம்களில் சேரும் இரண்டு பொருட்கள் தொடர்பாகச் சிம்றைஸ் என்ற ஜேர்மன் நிறுவனம் இதை எதிர்த்து வழக்காடி, 2023 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றத்தில் தோற்றது. தொழிற்சாலையில் அந்தப் பொருளைக் கையாளும் மனிதரின் உடலும் முக்கியம், கூண்டில் இருக்கும் விலங்கும் முக்கியம். இந்த இடத்தில் எனக்குத் தெளிவான முடிவு இல்லை. இருப்பதுபோல் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் இல்லை.

தாய் நிறுவனத்தைப் பற்றிச் சண்டை பிடிப்பது

சோதனை செய்யாத சிறிய வர்த்தகப் பெயரை, வேறு பொருட்களுக்காகச் சோதனையோடு தொடர்புள்ள பெரிய நிறுவனம் வாங்கிவிட்டால் என்ன செய்வது? விலங்குச் சோதனைக்கு எதிராகக் குரல் கொடுத்துப் பெயர் பெற்ற த பொடி ஷொப் என்ற அழகுசாதன நிறுவனம் 1976இல் இங்கிலாந்தில் தொடங்கியது. 2006இல் லொறியால் நிறுவனம் அதை வாங்கியது. 2017இல் பிறேசிலின் நற்றுறா நிறுவனத்துக்குக் கைமாறியது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய வாடிக்கையாளர் பலர் விலகினர், பலர் தங்கினர். விலகியவர்கள், நம் காசு கடைசியில் யாருடைய பெட்டிக்குள் போகிறது என்று பார்த்தார்கள். தங்கியவர்கள், சோதிக்காத பொருள் நன்றாக விற்பதைக் கண்டால்தான் பெரிய முதலாளியும் திருந்துவார் என்று கருதினார்கள். நான் இரண்டாவது பக்கம். என் உதவியாளர் முதலாவது பக்கம். ஒரே அறையில் எட்டு வருடமாக வேலை செய்கிறோம்.

மருந்தையும் இந்தக் கணக்கில் சேர்ப்பது

செய்யாதீர்கள்; வைத்தியர் தந்த களிம்பைப் பூசுங்கள்.

வாங்கியதை வீசுவது

கையில் இருப்பதைப் பாவித்து முடித்துவிட்டு மாறுங்கள்.

சோதிக்காததைப் பாதுகாப்பானது என்று எண்ணுவது

விலங்கில் சோதிக்கவில்லை என்றால் வேறு வழியில் சோதித்திருக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் மனிதத் தோல் உயிரணுக்களை வளர்த்து உருவாக்கும் தோல் மாதிரியில் எரிச்சலைச் சோதிக்கும் முறையை, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்திக்கான அமைப்பு 2010இல் ஏற்றுக்கொண்டது. இறைச்சிக்காக வெட்டப்பட்ட மாட்டின் கண் வெண்படலத்தில் சோதிக்கும் முறையும் ஏற்கப்பட்டிருக்கிறது. அதற்காக எந்த விலங்கும் தனியாகக் கொல்லப்படுவதில்லை என்றாலும், கடுமையாக விரதம் காக்கும் ஒருவருக்கு அதுவும் உறுத்தக்கூடும். கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நான் அஞ்சுவது எந்தச் சோதனையும் இல்லாத பொருளைப் பற்றி. திருமணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது "வெள்ளையாக்கும் கிறீம்" கேட்டு வருகிற பெண்கள் பலர். இறக்குமதியாளர் பெயர் இல்லாத, சேர்மானப் பட்டியல் இல்லாத டப்பாக்கள் சந்தையில் கிடைக்கின்றன. இந்த வகைக் கிறீம்களில் பாதரசம் கலக்கப்படுவது பல நாடுகளில் கண்டறியப்பட்ட விடயம். மில்லியனில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களை 2020க்குள் ஒழிக்க வேண்டும் என்று மினமாட்டா உடன்படிக்கை விதித்தது. பாதரசம் தோலூடாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அந்த டப்பாவை எந்த முயலிலும் சோதித்திருக்க மாட்டார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். பூசுகிற பெண்ணின் உடலில்தான் அந்தச் சோதனை நடக்கிறது.

வீட்டில் கற்றாழையும் தேங்காயெண்ணெயும் கலந்து கிறீம் செய்து வாடிக்கையாளருக்குப் பூசும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன். தண்ணீர் சேர்த்த கலவை நம் வெயிலில் சில நாட்களில் பழுதாகிவிடும். தலைச் சாயம் போடுவதென்றால், பொருள் எவ்வளவு நல்ல பெயர் பெற்றதாக இருந்தாலும், 48 மணித்தியாலங்களுக்கு முன்னர் காதின் பின்புறத்தில் அல்லது முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசிப் பாருங்கள். கறுப்புச் சாயங்கள் பலவற்றில் சேரும் பி.பி.டி. என்னும் பொருள் சிலருக்குக் கண்ணை மூடும் அளவுக்கு முகத்தை வீங்க வைக்கும். அவசரக் கலியாணம் என்று இதைத் தவிர்க்கச் சொன்னால் சாயம் போடாமல் விட்டுவிடுங்கள்.

உள்ளூர்ப் பொருள் என்பதால் கேள்வி கேட்காமல் விடுவது

பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் வளர்ந்தவள் நான். சவர்க்காரம் வாங்க முடியாத நாட்களில் அம்மா பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தார். காயப் போட்ட சட்டையை, பழத்தின் வாசத்துக்கு மாடு வந்து சப்பிவிடும் என்பதால் எங்களில் ஒருவர் கொடியடியில் காவல் இருக்க வேண்டும். தலைக்கு அரப்பும் தேசிக்காயும், உடம்புக்குப் பயற்றம்மா. அவற்றுக்காக எந்த விலங்கையும் கூண்டில் அடைக்கவில்லை. அந்த அறிவை நான் இன்றும் மதிக்கிறேன். மணப்பெண்ணுக்கு ஒரு மாதத்துக்கு முன்பிருந்து செவ்வரத்தம் இலைச் சாறும் பயற்றம்மாவும் பாவிக்கச் சொல்வது என் வழக்கம்.

ஆனால் இன்று நம் கடைக்கு வரும் உள்ளூர்ச் சவர்க்காரத்துக்கும் அந்தப் பயற்றம்மாவுக்கும் தொடர்பு இல்லை. வேப்பிலையோ சந்தனமோ உறையில் வரைந்திருக்கலாம். அடிப்பொருள் எண்ணெயும் எரிசோடாவும்தான். (பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடா இந்த மண்ணிலேயே உற்பத்தியானது, இன்று அது வெளியிலிருந்து வருகிறது.) எந்த எண்ணெய் என்பதைப் பின்பக்கம் பாருங்கள். சோடியம் கொக்கோவேற், சோடியம் பாமேற் என்றிருந்தால் தேங்காயும் பாமெண்ணெயும். சோடியம் ரலோவேற் என்றிருந்தால் மாட்டுக் கொழுப்பு அல்லது ஆட்டுக் கொழுப்பு. முத்திரை வாங்கப் பணம் இல்லாததால் மட்டும் முத்திரை இல்லாமல் இருக்கும் சிறிய உற்பத்தியாளர்களும் உண்டு. அவர்களை நேரில் கேட்கலாம். நம் பகுதியில் தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் செய்யும் ஒரு பெண்கள் குழுவிடம் நான் கேட்டபோது, அவர்கள் என்னை அடுப்படிக்கே கூட்டிப்போய் எண்ணெய்க் கானையும் எரிசோடாப் பையையும் காட்டினார்கள். அங்கே எனக்கு முத்திரை தேவைப்படவில்லை.

மற்றவரைக் குற்றவாளியாக்குவது

எங்கள் ஊரில் முயல் கறி சமைத்த வீடுகள் உண்டு. ஒரு பிள்ளை வகுப்பில் எழுந்து, "கறி சாப்பிட்டுக்கொண்டு லிப்ஸ்ரிக்கில் மட்டும் முயலைப் பார்ப்பது சரியா ரீச்சர்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பசிக்காகச் செய்வதையும் நிறத்துக்காகச் செய்வதையும் நான் ஒன்றாக எண்ணவில்லை என்று பதில் சொன்னேன். அவள் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்க வேண்டும் என்று நானும் வற்புறுத்தவில்லை. கூலி வேலை செய்து ஐம்பது ரூபாய்ப் பக்கெற் ஷாம்பு வாங்கும் பெண்ணிடம் போய் இதைப் பற்றிப் பாடம் எடுக்கவும் வேண்டாம். இருபதாயிரம் ரூபாய்க்கு அலங்காரப் பொருள் எடுக்கும் நம்மிடமிருந்து தொடங்கலாம்.

நிறுவனத்துக்கு எழுதாமல் விடுவது

இதை என்னிடம் பழகுகிற ஒவ்வொருவரையும் செய்ய வைக்கிறேன். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. முடிக்கப்பட்ட பொருளை விலங்கில் சோதிக்கிறீர்களா. மூலப்பொருள் தருபவர்கள் சோதிக்கிறார்களா, எந்தத் திகதிக்குப் பின் சோதிப்பதில்லை. உங்களுக்காக வேறு எவரும், அரசாங்கம் உட்பட, சோதிக்க நீங்கள் இடம் கொடுக்கிறீர்களா. இந்தப் பொருளில் விலங்கிலிருந்து எடுத்த மூலப்பொருள் எது. இந்த நான்கு கேள்விகளை எழுதி, பொருளின் பெயரையும் தொகுதி இலக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். இலங்கை முகவரின் பெயர் பெட்டியில் இருக்கும். அவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

வரும் பதிலில் ஒரு சொற்றொடரைத் தேடுங்கள்: "சட்டம் கோரும் இடங்களைத் தவிர நாங்கள் விலங்குகளில் சோதிப்பதில்லை." வாசிக்க இனிமையாக இருக்கும். சோதனையைக் கோரும் சந்தைக்குத் தெரிந்தே பொருளை அனுப்புகிறோம், அங்கே நடப்பதற்குக் காசும் கொடுக்கிறோம் என்பது அதன் பொருளாக இருக்கக்கூடும். மறு கடிதத்தில், எந்த நாடு, எந்தப் பொருள் என்று கேளுங்கள். நேர்மையான நிறுவனம் நாட்டின் பெயரைச் சொல்லிவிடும். மூலப்பொருளைப் பற்றிய கேள்விக்கு முடிக்கப்பட்ட பொருளைப் பற்றிப் பதில் சொல்வதையும் கவனியுங்கள். அது அவர்களிடம் மிகச் சாதாரணமான வழக்கம்.

பதில்களை ஒரு கோப்பில் கோத்து, நிலையத்தின் மேசையில் எவரும் எடுத்து வாசிக்கும்படி வைத்திருக்கிறேன். விசுவமடுப் பிள்ளையும் போன கிழமை தன்னுடைய பதினொரு பெட்டிகளுக்கும் எழுதிவிட்டாள். மூன்றுக்குப் பதில் வந்திருக்கிறது. அந்தச் சிவப்பு லிப்ஸ்ரிக்கை மச்சம் விலக்காதவர்களுக்கு மட்டும், சொல்லிவிட்டுப் போடுவதாகச் சொன்னாள். மற்ற எட்டைப் பற்றி யாராவது கேட்டால், எழுதிக் கேட்டிருக்கிறேன், இன்னும் தெரியாது என்று சொல்லும்படி அவளிடம் சொல்லியிருக்கிறேன்.